அரிசி ஆலை அலுவலகத்துக்கு எந்த ஃபயர்வால் பொருந்தும்?

மன்னார்குடிக்கு அருகே ஒரு நவீன அரிசி ஆலையின் அலுவலகப் பொறுப்பில் இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது. ஃபயர்வால் என்பது அலுவலக வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எதை விடுவது எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் பெட்டி. அலுவலகத்தில் பத்துக் கணினிகள், எடைமேடையில் ஒன்று, பதினாறு கேமராக்களும் அவற்றின் காட்சிகளைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டியும், வருகைப்பதிவு எந்திரம், கம்பெனிக்காரர்கள் தொலைவிலிருந்து சரிபார்ப்பதற்காக இணையத்தில் இணைத்திருக்கும், நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் சார்டெக்ஸ் எந்திரம், நெல் வியாபாரிகளுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் வைஃபை என்று எல்லாமே ஒரே ஃபைபர் இணைப்பில் இயங்குகின்றன. கும்பகோணத்திலிருந்து ஆடிட்டர் டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பார்ப்பதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டும், முதலாளி கைப்பேசியில் கேமரா பார்ப்பதற்காக டி.வி.ஆர். போர்ட்டும் ரவுட்டரில் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. போர்ட் என்பது ஒரு சேவையை எட்டுவதற்கான, எண்ணிட்ட வாசல். விற்பனையாளர், ஃபயர்வாலோடு வைரஸ் தடுப்பு, தள வடிகட்டல் முதலியவையும் சேர்ந்த யு.டி.எம். பெட்டி ஒன்றை ஆண்டு உரிமத்துடன் வாங்கச் சொல்கிறார். பொறியியல் படிக்கும் முதலாளியின் மகன், பழைய கணினி ஒன்றில் பி.எஃப்.சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளை நிறுவினால் போதும் என்கிறார்; முதலாளியோ, இணைப்புக் கொடுத்தவர்கள் தந்த ரவுட்டரே போதாதா என்று கேட்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆலைக்கு வரக்கூடிய கேட்டில் பெரும்பங்கு, நீங்களே எழுதியிருக்கும் அந்த இரண்டு திறந்த போர்ட்டுகளாலும், உள்ளே எல்லாக் கருவிகளும் ஒரே வலையமைப்பில் கலந்து கிடப்பதாலும் வருவது. இவற்றைச் சரிசெய்ய ஆண்டு உரிமம் எதுவும் வேண்டியதில்லை. இவற்றை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியை மாட்டினாலும் பணம்தான் செலவாகும். எந்தப் பெட்டி என்பதை, அதை அடுத்த ஐந்தாண்டுகளுக்கு யார் கவனித்துக்கொள்ளப் போகிறார் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

முதலாளியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த ரவுட்டர் உள்ளே 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளைக் கொடுத்து, வெளியே அவற்றை ஒரே பொது முகவரியாக மாற்றி அனுப்புகிறது. உள்ளிருந்து யாரும் கேட்காத தொடர்பு வெளியிலிருந்து வந்தால், அதை யாரிடம் சேர்ப்பதென்று தெரியாததால் கைவிட்டுவிடுகிறது. ஒரு வீட்டுக்கு இது ஏறத்தாழ போதும். அலுவலகத்துக்குப் போதாது என்பதற்கு முதற்காரணம், உள்ளே இருக்கும் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்க அதனால் பெரும்பாலும் முடியாது என்பதே. யு.பி.என்.பி. என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் எந்தக் கேமராவும் உங்களைக் கேட்காமலே தனக்கு ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளலாம் என்பதும் கவனிக்கத்தக்கது. புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6 இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பொது முகவரியே கிடைத்துவிடுவதால், முகவரி மாற்றத்தால் தற்செயலாகக் கிடைத்த மறைப்பு அங்கே இல்லை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விதி அங்கே தனியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் பகுதியில் பலரும் பழைய முறையான ஐ.பி.வி.4-க்கு விதி எழுதிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

திறந்த போர்ட்டுகளுக்கு வருகிறேன். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தால், அதைத் தேடுவதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் விரைவில் அதைக் கண்டுபிடித்து, இரவு பகலாகக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். எண்ணை 50000 என்று மாற்றிவைத்தாலும் தேடல் சிறிது தாமதமாகும், அவ்வளவே. கடவுச்சொல் கடினமாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. 2019 மே மாதம் வெளியே தெரிந்த ப்ளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் விண்டோஸ் 7 கணினிகளுக்குள் இதே வழியாக நுழைய இடம்கொடுத்தது. ஆதரவு முடிந்து ஆண்டுகளாகியிருந்த எக்ஸ்.பி.-க்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. டி.வி.ஆர். பெட்டிகளின் கதை இதைவிட மோசம். 2016-இல் பரவிய மிராய் என்ற கெடுநிரல், தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் மீது ஏவிவிட்டதில், ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. அந்தத் தாக்குதலில் பங்கேற்ற பெட்டிகளின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெட்டி என்ன செய்தது என்பது தெரிந்திருக்கவே வழியில்லை.

ஆகவே முதல் வேலை, அந்த இரண்டு போர்ட்டுகளையும் இன்றே மூடுவது. அதற்கு மாற்றாக ஆடிட்டருக்கும் முதலாளிக்கும் வி.பி.என். கொடுங்கள்; சாவி உள்ளவர் மட்டும் இணையம் வழியாக அலுவலக வலையமைப்புக்குள் வரும் குறியாக்கப் பாதை அது. நான் ஒயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளைப் பரிந்துரைப்பேன். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட இது அமைப்பதற்கு எளிது; சரியான சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது என்பதால் தேடித் திரியும் நிரல்களின் கண்ணில் அது படுவதும் இல்லை. ஆடிட்டர் வி.பி.என். வழியாக டாலியின் தரவுக் கோப்புறையை நேரடியாகத் திறக்க வேண்டாம். தொலைவிலிருந்து கோப்பைத் திறந்தால் டாலி ஆமை வேகத்தில் ஓடும், நடுவில் இணைப்பு அறுந்தால் தரவு பழுதாகவும் கூடும். வி.பி.என்.-க்குள் வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பையே பயன்படுத்தட்டும். விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அமர முடியும் என்பதால், அவர் உள்ளே வந்தால் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் கணக்கர் வெளியே தள்ளப்படுவார். ஆடிட்டருக்கென ஒரு கணினியை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவதொன்றாகத் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, இணைப்புக் கொடுத்தவர் உங்களைப் பிற வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது ஐ.பி.வி.4 வழியாக வெளியிலிருந்து வி.பி.என். உங்களை எட்டாது, கூடுதல் கட்டணம் கொடுத்து நிலையான முகவரி வாங்க வேண்டும். ரவுட்டரில் திறந்த போர்ட்டுகள் இப்போது வெளியிலிருந்து வேலை செய்கின்றன என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது. இரண்டாவது இணைப்பு வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

அடுத்தது உள்ளே பிரிப்பது. இதைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில், ஒரே முகவரி வரிசையில் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சு ஃபயர்வாலின் பக்கமே வருவதில்லை. ஓட்டுநர் ஒருவரின் கைப்பேசியிலோ எடைமேடைக் கணினியிலோ கெடுநிரல் இருந்து, அது டாலி கோப்புறையைத் தேடிச் சென்றால், வாசலில் நிற்கும் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை பரவியதும் இப்படித்தான். கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாக, ஒரு கணினியிலிருந்து அதே வலையமைப்பிலிருந்த மற்றவற்றுக்கு யாரும் எதையும் சொடுக்காமலே தாவியது. அதே சுவிட்சிலேயே தனித்தனி வலையமைப்புகளை உண்டாக்கும் வி-லேன் முறையில் வலையமைப்பை நான்காகப் பிரியுங்கள். அலுவலகக் கணினிகள் ஒன்று, கேமராக்களும் டி.வி.ஆர்.-உம் ஒன்று, எடைமேடை, சார்டெக்ஸ், வருகைப்பதிவு போன்ற எந்திரங்கள் ஒன்று, விருந்தினர் வைஃபை ஒன்று. விருந்தினர் பகுதியிலிருந்து இணையத்துக்கு மட்டுமே போக வேண்டும். கேமராக்கள் வெளியே போகவே தேவையில்லை, முதலாளி வி.பி.என். வழியாக உள்ளே வந்து பார்த்துக்கொள்வார். சார்டெக்ஸ் எந்திரத்துக்கு, கம்பெனியின் பொறியாளர் அழைக்கும் வேளையில் மட்டும் இயக்கி, வேலை முடிந்ததும் அணைத்துவிடும் ஒரு விதியை எழுதிவைத்துக்கொள்ளலாம்.

எடைமேடைக் கணினிக்குத் தனிக் கவனம் வேண்டும். எடை காட்டியிலிருந்து சீரியல் கேபிளில் எண்ணைப் படிக்கும் அந்தப் பழைய மென்பொருள் விண்டோஸ் 7-ஐ விட்டு நகராது என்பது டெல்டாவில் பல ஆலைகளில் காணும் நிலை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. அதை மாற்ற முடியாவிட்டால் இணையத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, எடைச்சீட்டுத் தரவு போய்ச் சேர வேண்டிய ஒரே கணினியோடு மட்டும் பேச அனுமதியுங்கள். இந்தப் பிரிவினைக்கு வி-லேன் தெரிந்த சுவிட்சும், ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்களைத் தனித்தனி வி-லேன்களில் விடக்கூடிய அக்சஸ் பாயிண்டும் (வைஃபை பரப்பும் கருவி) தேவை. விற்பனையாளரின் விலைப்புள்ளியில் யு.டி.எம். பெட்டி மட்டும் இருந்து இவ்விரண்டும் இல்லையென்றால், அந்த விலைப்புள்ளி முழுமையானதன்று.

இவ்வளவும் முடிவான பிறகுதான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். உரிமத்துடன் வரும் யு.டி.எம். பெட்டிகளின் விவரத்தாளைப் படிக்கும்போது, முதல் வரியில் பெரிதாகக் காட்டப்படும் வேகத்தை விட்டுவிட்டு, எல்லாச் சோதனைகளும் இயங்கும்போது கிடைக்கும் வேகத்தைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, ஃபோர்ட்டிகேட் 40எஃப் மாதிரிக்கு வெறும் ஃபயர்வால் வேகம் 5 ஜிபிபிஎஸ் (5,000 எம்பிபிஎஸ்) என்றும், அச்சுறுத்தல் தடுப்பு முழுவதும் இயங்கும்போது 600 எம்பிபிஎஸ் என்றும் நிறுவனமே குறிப்பிடுகிறது. உங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது தாராளம். ஆனால் அந்தச் சோதனைகளை நீங்கள் உண்மையில் இயக்கப்போகிறீர்களா என்பதே என் கேள்வி. இன்று இணையத்தில் போகும் தரவில் மிகப்பெரும்பகுதி குறியாக்கம் செய்யப்பட்டது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பெட்டியின் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும், வங்கித் தளங்களுக்கு விலக்கு எழுத வேண்டும், கைப்பேசிச் செயலிகள் பல திறக்காமல் போவதைச் சமாளிக்க வேண்டும். முழுநேரத் தொழில்நுட்பர் இல்லாத அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே இது அணைக்கப்பட்டுவிடும். அதற்குப் பின் உரிமக் கட்டணத்துக்கு ஈடாக மிஞ்சுவது பெரும்பாலும் தளப் பெயரை வைத்துத் தடுக்கும் வேலைதான். அதில் கணிசமான பகுதியை, கெட்ட தளங்களை வடிகட்டித் தரும் 9.9.9.9 அல்லது 1.1.1.2 என்ற இலவச டி.என்.எஸ். (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளே செய்துவிடும்.

உரிமம் காலாவதியானால் என்ன நிற்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடிப்படைத் தடுப்பும் வி.பி.என்.-உம் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும். புதிய அச்சுறுத்தல் பட்டியல்கள் வருவது நின்றுவிடும். சில நிறுவனங்களில், பெட்டியையே இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பும் நின்றுவிடும். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது, ஏனெனில் ஃபயர்வாலும் ஒரு கணினியே, அதிலும் ஓட்டைகள் வரும். மிக்ரோடிக் என்ற நிறுவனத்தின் ரவுட்டர்களில் 2018-இல், அவற்றை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருள் வழியாகக் கடவுச்சொற்களை எடுத்துக்கொள்ள இடம்தந்த ஓட்டைக்கு ஏப்ரல் மாதமே திருத்தம் வந்துவிட்டது; ஆனால் புதுப்பிக்கப்படாமல் கிடந்த ஏராளமான பெட்டிகள் அதற்குப் பிந்தைய மாதங்களில் கைப்பற்றப்பட்டன. விலைக்கு மிக்ரோடிக் தருவது அதிகம், நானும் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். புதுப்பிக்க ஆளில்லாத இடத்தில் அதை வைக்க மாட்டேன்.

முதலாளியின் மகன் சொல்லும் வழி கருத்தளவில் சரியானது. பழைய கணினி என்ற பகுதியை மட்டும் ஏற்க மாட்டேன். ஆலை அலுவலகத்தில் உமித்தூசி ஏறாத விசிறி கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க் எந்த நாளிலும் நின்றுவிடலாம். 80 வாட் இழுக்கும் கணினி நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட் மின்சாரம் ஆகும். விசிறியே இல்லாத, கேபிள் செருகும் இன்டெல் நெட்வொர்க் போர்ட்டுகள் நான்கு கொண்ட சிறு பெட்டி ஒன்று 12 வாட் அளவில் ஓடினால் 100 யூனிட்டைச் சற்றே தாண்டும். ரியல்டெக் நிறுவனத்தின் போர்ட்டுகள், இவ்வகை மென்பொருளுக்கு அடிப்படையான ஃப்ரீபி.எஸ்.டி. இயங்குதளத்தில் தொல்லை தருபவை என்பதால் இன்டெல் என்று கேட்டே வாங்குங்கள். மென்பொருளில் எனக்கு ஆப்.என்.சென்ஸ் மேல் விருப்பம் அதிகம். 2004-இல் தொடங்கிய பி.எஃப்.சென்ஸிலிருந்து 2015-இல் பிரிந்த திட்டம் அது. ஆண்டுக்கு இருமுறை பெரிய வெளியீடும் இடையிடையே சிறு திருத்தங்களும் ஒழுங்காக வருகின்றன, உரிமக் கட்டணமும் இல்லை.

ஆனால் மகன் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் அதை யார் பார்ப்பார்? மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ ஆப்.என்.சென்ஸை நன்கறிந்த ஒருவர் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டால் அதையே வையுங்கள். என் முதல் தேர்வு அதுவே. உங்கள் விற்பனையாளருக்கு அவர் விற்கும் யு.டி.எம். மட்டுமே தெரியும், வேறு ஆள் கிடைக்கவில்லை என்றால், அதில் மிகச் சிறிய மாதிரியை, ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் பழுது மாற்றமும் மட்டும் அடங்கிய குறைந்த உரிமத்துடன் வாங்குங்கள். நன்கு தெரிந்தவர் பராமரிக்கும் எளிய பெட்டி, யாரும் திறந்து பார்க்காத உயர்ந்த பெட்டியைவிட உங்களைப் பாதுகாக்கும். நான்காம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் இன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பகிர்ந்த இணைப்பு என்பதால் இரண்டு வசதிகளைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, ஒரு இணைப்பு நின்றால் மற்றதற்குத் தானே மாறுவது. இ-வே பில் எடுக்க முடியாமல் லாரி வாசலில் நிற்பதன் இழப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரிகள் உரசிக் கம்பத்து ஃபைபர் அறுவது நம் பக்கத்தில் வழக்கமானதால், இரண்டு ஃபைபர்களும் ஒரே கம்ப வரிசையில் வருமானால் இரண்டாவதால் பயனில்லை. ஒன்றை 4ஜி அல்லது 5ஜி சிம்மாக வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் கோபுரங்களும் சேர்ந்தே நின்றன என்பதையும் மறக்க வேண்டாம். அப்படிப்பட்ட நாள்களுக்கு எந்தப் பெட்டியும் விடையாகாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, அருகிலிருக்கும் ஓ.என்.டி.-யை (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) தொடாமல் வெளியே ஒரு பொது முகவரியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கம்பி அறுந்தும் பெட்டி மாறாது. மற்றொன்று, வரிசைப்படுத்துதல். கணினியொன்று விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கும்போதோ யாரோ வீடியோவை மேலேற்றும்போதோ, மாதத்தின் 11, 20 ஆகிய தேதிகளில் ஜி.எஸ்.டி. தளம் திறக்காமல் தவிப்பது வேகக் குறைவால் மட்டும் நேர்வதன்று. ஒருவரின் தரவே வரிசையை அடைத்துக்கொள்வதால் நேர்வது. ஒருவர் வரிசையை அடைக்காமல் எல்லோருக்கும் முறைவைத்து இடம்கொடுக்கும் எஃப்.க்யூ-கோடெல் என்ற முறையை இயக்கி, வரம்பை நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டுக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பி.எஸ்.என்.எல். ஃபைபரைப் போலப் பயனர் பெயர், கடவுச்சொல்லுடன் இணையும் முறையாக இருந்தால், ஓ.என்.டி.-யை, முகவரி மாற்றாமல் தரவை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி அந்த விவரங்களை ஃபயர்வாலில் போடச் சொல்லுங்கள். முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பது வி.பி.என்.-க்கு இடைஞ்சல்.

ஐப்பசி கார்த்திகை இடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆலைக் கொட்டகைக்கும் எடைமேடைக்கும் திறந்தவெளியில் போகும் செம்புக் கேபிள், மின்னல் அதிர்வைச் சுமந்துவந்து சுவிட்சையும் ஃபயர்வாலையும் சேர்த்து எரித்துவிடும். அந்த இடைவெளிகளை ஃபைபராக மாற்றுவது, பெட்டி வாங்குவதற்கு முன்பே செய்யத்தக்க செலவு. ஓ.என்.டி., ஃபயர்வால், சுவிட்ச் மூன்றும் ஒரே யு.பி.எஸ்.-இல் இருக்கட்டும், பெரிய மோட்டார்கள் கிளம்பும்போது மின்னழுத்தம் தாழும் ஃபேஸிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்க வேண்டாம்.

எந்தக் கருவி எப்போது எங்கே இணைந்தது என்று பெட்டி எழுதிவைக்கும் பதிவுகளைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவும், பட்டியலிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. சிறு பெட்டிகள் பலவற்றில் பதிவைச் சேமிக்க இடமே இருக்காது, எஸ்.எஸ்.டி. உள்ள பெட்டியாகப் பாருங்கள், அல்லது பதிவுகளை ஒரு கணினிக்கு அனுப்பச் சொல்லுங்கள். டாலி தரவின் ஒரு பிரதி, வலையமைப்போடு இணையாத வட்டில் வாரந்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்பதை எந்த ஃபயர்வாலும் மாற்றாது.

நிறுவி முடித்து பில் கொடுக்கும் முன், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சில சோதனைகளைச் செய்யுங்கள். கைப்பேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் பொது முகவரியை திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்-மேப் மென்பொருளைக் கொண்டு சோதித்து எந்த போர்ட்டும் திறந்திராததைக் காட்டச் சொல்லுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்து டாலி கணினியின் முகவரியும் டி.வி.ஆர். முகவரியும் திறக்கின்றனவா என்று பாருங்கள், திறக்கக் கூடாது. வேலை நேரத்தில் ஃபைபரைக் கழற்றி இரண்டாவது இணைப்புக்கு மாறுகிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்பின் பிரதியும் நிர்வாகக் கடவுச்சொல்லும் உறையிலிடப்பட்டு முதலாளியின் பீரோவில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் தலையில் மட்டும் இருக்கக் கூடாது. விலைப்புள்ளி கைக்கு வந்ததும் மாதிரி எண்ணையும் உரிமத்தின் பெயரையும் எழுதுங்கள், எந்த வரியை நீக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பொது முகவரியை மட்டும் யாருக்கும் எழுதி அனுப்ப வேண்டாம்.